கணினித் திரை எதைச் சொல்ல வேண்டும்?

கணினியை இயக்கியதும் அது உடனே நம் பணிக்கு ஆயத்தமாவதில்லை. முதலில் தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. நினைவகம் சீராக உள்ளதா, விசைப்பலகை இணைந்துள்ளதா, வன்தட்டு கிடைக்கிறதா என ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. பின்னர் இயங்குதளத்தை நினைவகத்தில் ஏற்றிப் பல்வேறு சேவைகளைத் தொடங்குகிறது. இவ்வேலைகளைப் பற்றிய செய்திகளைச் சாதாரணப் பயனருக்குத் திரையில் காட்ட வேண்டுமா, வேண்டாவா என்பது நெடுங்கால விவாதம்.

1984இல் வெளிவந்த மெக்கின்டாஷ் கணினி, தொடங்கும்போது புன்னகைக்கும் கணினிப் படம் ஒன்றையே காட்டியது. விண்டோஸ் 95 செய்திகளை ஒரு படத்தால் மூடியது. எஸ்கேப் விசையை அழுத்தினால் படம் விலகும். லினக்ஸ் கணினிகளில் வரிகள் விரைந்தோடின. இன்று அவற்றுள் பலவும் படத்திரையையே காட்டுகின்றன.

காட்ட வேண்டும் என்போரின் காரணம் வலிமையானது. கணினி அதன் உரிமையாளருக்கு உரியது. அதனுள் நடப்பதை அறியவும் அவருக்கு உரிமை உண்டு. இயக்கம் எந்த வரியில் நின்றது என்பதே பழுதுபார்ப்பவருக்கு முதல் தடயம். அவ்வரியைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினால், தொலைவில் உள்ளவரும் வழி கூற இயலும்.

மறைக்க வேண்டும் என்போர் கூற்றிலும் உண்மை உண்டு. நொடிக்குப் பல வரிகள் ஓடும்போது வல்லுநராலும் அவற்றைப் படிக்க இயலாது. எச்சரிக்கை, தோல்வி என்னும் சொற்கள் தீங்கற்ற நிலையிலும் தோன்றுவதுண்டு. பழகாதவருக்கு அவை அச்சத்தையே தரும்.

எனினும், இரண்டு வழிகளுமே ஓரிடத்தில் தவறுகின்றன. மின்தடையால் திடீரென நின்ற கணினி, மீண்டும் தொடங்கும்போது வன்தட்டைச் சரிபார்ப்பதுண்டு. அதற்கு நெடுநேரம் ஆகலாம். அப்போது புரியாத வரிகள் ஓடினால், கணினி கெட்டுவிட்டது என அஞ்சி ஒருவர் மின்னிணைப்பைத் துண்டிக்கிறார். வட்டம் மட்டும் சுழன்றாலோ, கணினி உறைந்துவிட்டது என எண்ணி மற்றொருவரும் அதையே செய்கிறார். சரிசெய்யும் பணி பாதியில் நின்று, கோப்புகள் சிதையக்கூடும். மிகுதியான பேச்சும் முழு மௌனமும் ஒரே தவற்றுக்கு இட்டுச்செல்கின்றன.

இந்தியாவில் இச்சிக்கலுக்கு மொழி என்னும் மற்றொரு முகமும் உண்டு. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பணிபுரிய உதவுகிறது. ஆனால், லினக்ஸ் கருவகத்தின் தொடக்கச் செய்திகள் ஆங்கிலத்திலேயே உள்ளன. அவை தோன்றும் எழுத்துத் திரையால் இந்திய எழுத்துகளைச் செவ்வனே காட்டவும் இயலாது. படத்திரையோ எம்மொழி எழுத்தையும் காட்டவல்லது. அதனை வெறும் மூடியாகப் பயன்படுத்துவது நல்வாய்ப்பை வீணாக்குவதாகும்.

பயனருக்கு மூன்று வினாக்களுக்கு விடை வேண்டும். கணினி என்ன செய்கிறது? எவ்வளவு முடிந்தது? பயனர் செய்ய வேண்டுவது யாது? ‘வன்தட்டு சரிபார்க்கப்படுகிறது, 40 விழுக்காடு முடிந்தது, கணினியை நிறுத்த வேண்டா’ என அவருடைய மொழியில் ஒரு வரி தோன்றினால் அச்சமும் ஐயமும் நீங்கும். முழு விவரம் விரும்புவோர்க்கு ஒரு விசை இருக்க வேண்டும்; அவ்விசை எது என்பதும் திரையிலேயே எழுதப்பட வேண்டும். இயக்கம் தடைப்பட்டால், பிழைச் செய்தி மறையாமல் நிற்க வேண்டும்.

பேருந்து ஓட்டுநரின் முன்னுள்ள பலகை எஞ்சினின் ஒவ்வோர் அசைவையும் கூறுவதில்லை. எண்ணெய் குறைந்தால் மட்டும் சிவப்பு விளக்கை எரியவிடுகிறது. கணினித் திரையும் அவ்வாறு வேண்டிய பொழுதில், வேண்டிய அளவில், புரியும் மொழியில் பேசுவதே முறை.

சிந்தித்து எழுதுக:
1. மிகுதியான பேச்சும் முழு மௌனமும் ஒரே தவற்றுக்கு இட்டுச்செல்வது எவ்வாறு?
2. கணினி தொடங்கும்போது திரையில் தோன்றத்தக்க செய்திகள் இரண்டினைத் தமிழில் எழுதுக.