கிரினோலின்: ஒரு சிரிப்புக்கு எதிராக

கிரினோலின் என்ற எஃகு வளையப் பாவாடைக் கூண்டைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள். 'பஞ்ச்' பத்திரிகை பழக்கிவிட்ட சிரிப்பு. எனக்குச் சகிக்கவில்லை. 1856-ல் வந்த இந்தக் கூண்டு, அடுக்கடுக்கான உள்பாவாடைகளின் கனத்திலிருந்து பெண்களை விடுவித்தது. வெறும் அசட்டுத்தனத்தால் யாரும் உடுத்தவில்லை. ஆனால் உள்ளே காற்று, மேலே மஸ்லின், அருகில் கணப்பு. எரிந்து செத்தார்கள். 1863-ல் சிலியின் சாந்தியாகோ தேவாலயத் தீயில் மட்டும் 2000 பேருக்கு மேல், பெரும்பாலும் பெண்கள்; அகன்ற பாவாடைகளும் வழியை அடைத்தன.

சலவைக் கஞ்சியில் சோடியம் டங்ஸ்டேட் கலந்தால் மஸ்லின் கொழுந்துவிட்டு எரியாது என்று வெர்ஸ்மன், ஓப்பன்ஹைம் என்ற இரு ரசாயனக்காரர்கள் 1859-லேயே காட்டியிருந்தார்கள். விக்டோரியா ராணியின் சலவைக்கூடத்தில் சோதித்தும் பார்த்தாயிற்று. ஊர்ச் சலவைக்கு அது பரவவில்லை. இந்த இரண்டு பெயர்களை, நான் படித்த எந்த ஹாஸ்யக் கட்டுரையிலும் பார்த்ததில்லை.