அகளிக்கா திரும்பப் போகிறாய்?

விடுதியில் என்னை இப்படித்தான் கேட்கிறார்கள். கேள்வியிலேயே ஏளனம் தொனிக்கிறது.

அகளி நகரமன்று, அட்டப்பாடி வட்டத்தின் தலைமையிடம் என்ற பெருமையுடைய ஒரு கடைத்தெரு, அவ்வளவே. என் பெற்றோர் தமிழகத்திலிருந்து குடியேறிய ஊர். அங்கே தமிழும் மலையாளமும் இருளர் மொழியும் ஒரே தேநீர்க் கடையில் கேட்கும். "இன்னார் மகன்" என்றால் கடன் கிடைக்கும். இந் நகரத்துக் கடைக்காரரோ, இரண்டாண்டாகியும் என் பெயரைக் கேட்டதில்லை.

ஆயினும் குறையை மறைப்பானேன்? சென்ற ஆண்டு நள்ளிரவில் அம்மாவுக்கு நெஞ்சுவலி. வண்டி கிடைக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு ஆனைகட்டி வழியாகக் கோவைக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். மன்னார்க்காட்டுப் பக்கமோ கொண்டையூசி வளைவுகள். அன்றிரவு ஊர்ப்பாசம் பேச எனக்கு வாய் வரவில்லை. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் மூன்று ஆறுகளில் பவானியும் ஒன்று. மருத்துவமோ, கல்லூரியோ, கல்யாணப் பட்டோ, நாங்களும் அத் திசையில்தான் ஓடுகிறோம்!

அம்மா பிழைத்தார். வண்டியைத் தேடிப் பிடித்தவர்கள் அத் தெருவினரே. நகரத்தில் வண்டி விரைவில் வந்திருக்கும். உடன் ஏற யார் வந்திருப்பார்?

வேதியியல் படித்தவனுக்கு அங்கே ஆய்வுக்கூடம் ஏது? பள்ளி உண்டு. பி.எட். முடித்து அங்கே ஆசிரியனாக எண்ணுகிறேன். அப்பா இன்னும் இசையவில்லை.