மாற்றாந்தாய்க்கு ஏன் இந்தப் பழி?

சூனியக்காரியும் ஓநாயும் வரும் கதைகளைச் சொல்லிப் பிஞ்சு உள்ளங்களைப் பயமுறுத்தலாகாது என்று பெரியோர் சிலர் கூறுவர். எனக்கு அது சரியாகப் படவில்லை. இருட்டறையைக் கண்டு நடுங்கும் கைக்குழந்தைக்கு யார் கதை சொன்னார்கள்? அச்சம் முன்பே இருக்கிறது. கதை அதற்கு ஓர் உருவம் தந்து, முடிவில் அதை அடுப்பிலும் தள்ளிவிடுகிறது.

மனநூல் அறிஞர் புரூனோ பெட்டல்ஹைம் 1976-இல் இக்கதைகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அம்மா கடிந்துகொண்டால் குழந்தைக்குக் கோபம் வருகிறது. ஆனால் அம்மாவை வெறுக்க மனம் அஞ்சுகிறது. எனவே கதையில் வரும் கொடிய மாற்றாந்தாய் மீது கோபத்தைக் கொட்டிவிட்டு, நல்ல தாயை நெஞ்சில் பத்திரமாக வைத்துக்கொள்கிறது என்பது அவர் விளக்கம். உண்மையாகத்தான் இருக்க வேண்டும். திட்டு வாங்கிய நாளில்தான் என் தம்பி சூனியக்காரிக் கதையை மறுபடியும் கேட்பான்!

ஆனால், இதற்கு விலை கொடுப்பவர் யார்? ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட முதற்பதிப்பில், ஸ்நோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னவள் அவளைப் பெற்ற தாயேதான். ஹான்சலையும் கிரெட்டலையும் காட்டில் விட்டுவரச் சொன்னவளும் அவர்களுடைய தாயே. முன்னவளை 1819-ஆம் ஆண்டுப் பதிப்பிலும், பின்னவளை 1840-ஆம் ஆண்டுப் பதிப்பிலும் மாற்றாந்தாய் ஆக்கினார்கள். தாய்மையின் பெருமை காப்பாற்றப்பட்டது. பழி இன்னொருத்தி தலையில் விழுந்தது.

என் தோழி ஒருத்தி மூன்று வயதிலிருந்து சிற்றன்னையிடம் வளர்கிறாள். காலையில் இரட்டைப் பின்னல் பின்னி ரிப்பன் கட்டி விடுபவரும், காய்ச்சல் வந்தால் கண்விழிப்பவரும் அவரே. சிறு வகுப்பில் சிண்டெரெல்லா நாடகம் நடந்தபோது, "உங்க சித்தியும் இப்படித்தானா?" என்று பிள்ளைகள் கேட்டார்களாம். அதை அவள் இன்றுவரை வீட்டில் சொல்லவில்லை. பெட்டல்ஹைம் கூறும் ஆறுதல் அவளுக்கு எப்படிக் கிடைக்கும்? அவள் கோபித்துக்கொள்வதும் கொஞ்சுவதும் அந்த ஒருவரிடம்தானே?

கதைகளை நிறுத்த வேண்டாம். சூனியக்காரி வரட்டும், அடுப்பும் எரியட்டும். சின்னஞ்சிறுவர்க்குக் கதை சொல்லும் சகோதரிகளையும் தாய்மாரையும் நான் வேண்டுவது ஒன்றே: "மாற்றாந்தாய்" என்பதற்குப் பதில் "பொல்லாத அரசி" என்று சொல்லுங்களேன். சென்ற வாரம் தம்பிக்கு அப்படித்தான் சொன்னேன். அவன் அந்த மாற்றத்தைக் கவனிக்கவே இல்லை. அரசி கடைசியில் என்ன ஆனாள் என்பதுதான் அவனுக்குக் கவலை.