ஆமையும் அதன் தொட்டியும்

பெங்களூருவில் வண்ணமீன் விற்கும் கடைகள் சிலவற்றில் சின்னஞ்சிறு ஆமைகளும் கிடைக்கின்றன. பச்சை நிற ஓடு, கண்ணுக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கோடு. பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய உடல். உடன் ஒரு நெகிழிக் கிண்ணம். அதன் நடுவே நெகிழியாலான தென்னை மரம். பிறந்தநாள் பரிசாக இவற்றை வாங்கிச் செல்லும் குடும்பம், ஆமைக்கு இடம் கிடைத்துவிட்டது என்று எண்ணிக்கொள்கிறது.

இதன் பெயர் சிவப்புக் காது ஆமை. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை இதன் தாயகம். மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள குஞ்சு வளர்ந்து முதிரும்போது, பெண் ஆமையின் ஓடு 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை நீளும். நன்கு பேணினால் முப்பது ஆண்டுகள்கூட வாழும். ஆறாம் வகுப்பில் ஆமை வாங்கும் சிறுவனுக்குத் திருமணமாகிக் குழந்தைகள் பிறந்த பின்னரும் அது உயிரோடு இருக்கக்கூடும். தொட்டி சிறிதாக இருந்தால் ஆமையும் சிறிதாகவே இருந்துவிடும் என்று சிலர் கூறுவர். அது உண்மையன்று. இட நெருக்கடியும் குறையுள்ள உணவும் ஆமையை நோயுறச் செய்யுமேயன்றி, சிறிய இனமாக மாற்றிவிடா.

அப்படியானால் எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்? ஓட்டின் நீளத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஏறத்தாழ 15 லிட்டர் நீர் என்பது ஆமை வளர்ப்போர் கையாளும் கணக்கு. கடையிலிருந்து வரும் குஞ்சுக்கே 45 லிட்டர் தேவைப்படுகிறது; குளியலறை வாளிகள் இரண்டு நிறைந்தாலும் போதாது. 25 சென்டிமீட்டர் ஆமைக்கோ 375 லிட்டர். நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டியில்தான் இவ்வளவு நீர் கொள்ளும். நீரின் எடை மட்டுமே 375 கிலோ. மூன்றாம் மாடியில் வாடகைக்குக் குடியிருப்போர் வீட்டு உரிமையாளரிடம் இதற்கு ஒப்புதல் கேட்டுப் பார்க்கலாம்!

இவ்வளவு நீர் எதற்கு என்ற ஐயம் எழுவது இயல்பே. ஆமை நீரிலேயே உண்டு நீரிலேயே கழிக்கிறது. சிறிய தொட்டி ஒன்றிரண்டு நாளிலேயே நாற்றமெடுத்துவிடும். பெரிய தொட்டியிலும் வடிகட்டி இடைவிடாது இயங்க வேண்டும்; வாரந்தோறும் கால் பங்கு நீரையாவது மாற்ற வேண்டும். அதாவது தொண்ணூறு லிட்டருக்கு மேல். 2024 கோடையில் குடிநீரைக் கொண்டு வண்டி கழுவுவதற்கே இந்நகரில் தடை விதிக்கப்பட்டதை இங்கு நினைவுகூரலாம்.

நீர் மட்டும் போதாது. ஏறி அமர்ந்து உடலை உலர்த்திக்கொள்ள ஒரு மேடையும் வேண்டும். ஓடு உறுதிபெறச் சூரியனின் புற ஊதாக் கதிர் தேவை. சன்னல் கண்ணாடி அக்கதிரின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. மார்கழி இரவுகளில் பெங்களூருவின் குளிருக்கு நீரைச் சூடாக்கும் கருவியும் வேண்டியிருக்கும்.

இத்தனையும் அறியாமல் வாங்கியோர் ஓரிரு ஆண்டில் திகைத்துப்போகின்றனர். அப்போது கண்ணில் படுவது அல்சூர் ஏரியோ அருகிலுள்ள வேறொரு குளமோதான். ‘ஆமைக்கு விடுதலை அளித்தோம்’ என்ற மனநிறைவோடு வீடு திரும்புவர். ஆனால் இந்த அயல்நாட்டு ஆமை நம் நாட்டு ஆமைகளின் உணவையும் இடத்தையும் பறித்துக்கொள்ளும், நோயையும் பரப்பும். கேரளத்தின் நீர்நிலைகளிலும் இது காணப்பட்டதால், பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் இவ்வகை ஆமைகளைப் பொதுமக்களிடமிருந்து பெற்றுக்கொள்ள முன்வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1997இலேயே இதன் இறக்குமதிக்குத் தடை விதித்தது.

அயல் ஆமை வேண்டாம், உள்நாட்டு ஆமையை வளர்க்கலாம் என்பாரும் உளர். நட்சத்திர ஆமை உள்ளிட்ட நம் நாட்டு ஆமைகளைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

‘முதலில் சிறிய தொட்டி, பின்னர் பெரியது’ என்ற எண்ணமே பிழைக்கு வித்திடுகிறது. முழுதும் வளர்ந்த ஆமைக்குரிய தொட்டியை வீட்டில் வைக்க முடியுமா என்பதை ஆமை வருவதற்கு முன்னரே முடிவு செய்தல் வேண்டும். முடியாதெனில் வாங்காதிருப்பதே அவ்வுயிருக்குச் செய்யும் நன்மை. ஏற்கெனவே வளர்ப்போர், தம்மால் இயலாதபோது இடவசதியுள்ள வேறொருவரிடம் ஒப்படைக்கலாம். ஏரியில் மட்டும் விடலாகாது.

முடிவு செய்வதற்குக் கடைக்காரரின் துணை தேவையில்லை. ஒரு சுண்ணக்கட்டி போதும். வரவேற்பறைத் தரையில் 120 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் உள்ள செவ்வகம் ஒன்றை வரைய வேண்டும். பள்ளிப் பையிலுள்ள முப்பது சென்டிமீட்டர் அளவுகோலை அதனுள் வைத்தால், வளர்ந்த ஆமையின் நீளம் விளங்கிவிடும். பிறகு ஒரு வாரம் வீட்டார் அனைவரும் அக்கோட்டை மிதிக்காமல் நடந்து பார்க்கட்டும்.