தோற்கக் கற்பதும் கல்வியே

விஞ்ஞானமும் விளையாட்டும் சமயமும் வெவ்வேறு திசை நோக்குவன என்பர் பலர். 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நிகழ்ந்த சிலவற்றை ஒருங்கே வைத்து நோக்கின், மூன்றும் ஒரே பாடத்தைப் புகட்டுவதைக் காண்கிறோம்.

அவ்வாண்டு மே 8ஆம் நாள் பதினான்காம் லியோ பாப்பரசராகத் தெரிவுசெய்யப்பட்டார். அமெரிக்காவிற் பிறந்து, கணிதத்திற் பட்டம் பெற்று, பெரு நாட்டில் நெடுங்காலம் பணியாற்றிய துறவி அவர். தென்னிஸ் ஆட்டத்திலும் விருப்பமுடையவர். ஒரு வாரத்துள் இத்தாலிய வீரர் யானிக் சின்னர் அவரைக் கண்டு, பந்தடி மட்டையொன்றைக் காணிக்கையாக்கினார்.

அச்சின்னரே ஜூன் 8இல் பாரிஸ் இறுதியாட்டத்தில் அல்கராசிடம் தோற்றார். இன்னும் ஒரே புள்ளி எடுத்தால் வெற்றி என்னும் நிலையை மும்முறை எட்டியும், ஐந்தரை மணிநேரப் போரின் முடிவில் வெறுங்கையுடன் திரும்பினார். அடுத்த ஞாயிறு, ஜூன் 15இல், விளையாட்டு வீரர்களுக்கான யூபிலித் திருப்பலியை உரோமாபுரியில் பாப்பரசர் ஒப்புக்கொடுத்தார். வென்றவரே வாழத் தகுந்தவர் என எண்ணும் இவ்வுலகில், தோற்பது எவ்வாறு என்பதையும் விளையாட்டுக் கற்பிக்கின்றது என்பது அவர் மறையுரையின் ஒரு கருத்து. ஜூலை 13இல் விம்பிள்டனில் அதே அல்கராசைச் சின்னர் வென்றார். தோல்வி அவரை முடிக்கவில்லை என்பது தெளிவாயிற்று.

ஜூலை 20, மனிதன் சந்திரனில் இறங்கிய நினைவுநாள். அன்று வத்திக்கான் வானாய்வு நிலையத்துக்குச் சென்ற பாப்பரசர், பஸ் ஓல்ட்றினுடன் காணொளி வாயிலாக உரையாடினார். 1969இல் ஆம்ஸ்ரோங்குக்கு அடுத்ததாகச் சந்திரனில் கால் பதித்தவர் ஓல்ட்றின். கலத்தை விட்டு வெளியேறுமுன், தாம் கொண்டுசென்ற சிறிதளவு அப்பத்தையும் திராட்சை இரசத்தையும் உட்கொண்டு, ஆரவாரமின்றித் திருவிருந்தில் பங்குபற்றினார். அச்செயல் அன்று உலகிற்கு ஒலிபரப்பப்படவில்லை. அவர் இரண்டாமவரென்பதால் சந்திரத் தூளிற் பதிந்த சுவடு ஆழங் குறைந்ததாயிற்றா?

வாசகர்களே, இவை நமக்குத் தொலைவான செய்திகளல்ல. ஆண்டுதோறும் புலமைப்பரிசிற் பரீட்சை முடிவு வெளியாகும் நாளில், வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்த பத்து வயதுக் குழந்தை வீட்டிற் குற்றவாளிபோல் நிற்பதை ஆசிரியர்களாகிய நாம் அறிவோம். அயல்வீட்டுப் பிள்ளையின் புள்ளியையே பெற்றோர் முதலில் விசாரிக்கின்றனர். வெல்வதற்கு இரவு பகலாகப் பயிற்றுகிறோம். தோற்றால் எழுந்து நிற்க ஒரு நாளேனும் பயிற்றினோமா?

அடுத்த முடிவு வரும் நாளில், புள்ளியைக் கேட்குமுன் பிள்ளையை அருகில் இருத்தி உணவூட்டுங்கள். தோற்றாலும் தன் வீடு தன்னுடையதே என்று அக்குழந்தை அறிந்துகொள்ளட்டும். எழுந்து நிற்கும் வலிமை அங்கிருந்துதான் பிறக்கும்.