கம்பஸ் வளர்கிறது, ரயில் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் எழும்பியிருக்கும் புதிய கட்டடங்களைப் பற்றி உங்கள் இதழில் படங்களோடு வந்த கட்டுரையை வாசித்தேன். மகிழ்ச்சியான செய்திதான். என் மகளும் அங்கேதான் படிக்கிறாள். ஆனால் அந்தக் கட்டடங்களுக்குப் பிள்ளைகள் எப்படிப் போய்ச் சேருகிறார்கள் என்பது பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. திறப்பு விழாக்களில் நாடா வெட்ட வரும் அரசியல்வாதிகளும் அதைப் பேசுவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

1964இல் ஸ்காபரோக் கல்லூரி தொடங்கியபோது இந்தப் பக்கம் நகரத்தின் விளிம்பு. ஹைலண்ட் கிறீக் பள்ளத்தாக்கின் மேட்டில், ஜோன் அன்றூஸ் என்ற இளம் கட்டடக் கலைஞர் அந்த நீண்ட கொங்கிறீற் கட்டடத்தை வரைந்தார். குளிர்காலத்தில் மாணவர்கள் வெளியே இறங்காமலே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து போகலாம். உள்ளே வந்தவர்களுக்கு அவ்வளவு யோசித்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து அந்த வாசல்வரை வருவதற்கான வழியை யோசிக்க, பிறகு வந்த எந்த அரசுக்கும் நேரம் கிடைக்கவில்லை.

இன்று அங்கே படிப்பவர்கள் 14 ஆயிரத்துக்கும் அதிகம். 2023இல் திறந்த புதிய விடுதியில் 746 படுக்கைகள். பழைய விடுதிகளையும் சேர்த்துக்கொண்டாலும், பெரும்பாலான பிள்ளைகள் தினமும் வீட்டிலிருந்து வந்து போகிறவர்கள்தான். மல்வேர்ண், கலோவே, எக்ளின்ரன் கிழக்கு, மார்க்கம், ஏஜாக்ஸ் என்று நாலா திசையிலிருந்தும் வருகிறார்கள். பெற்றோரோடு இருந்து படித்தால்தான் செலவு கட்டும் என்ற குடும்பங்களின் பிள்ளைகள். பலர் பின்னேரம் கடையிலோ உணவகத்திலோ வேலைக்கும் போகிறார்கள். இவர்களுக்குப் போக்குவரத்து என்பது எந்த வகுப்பை எடுக்கலாம், எந்த ஆய்வுகூட நேரத்தை விடவேண்டும், எந்த வேலையை ஒப்புக்கொள்ளலாம் என்பதைத் தீர்மானிக்கிற விஷயம். பின்னேர வகுப்பு முடிகிற நேரத்தில் கம்பஸ் பஸ் தரிப்பில் போய் நின்று பாருங்கள். தை மாதக் குளிரில் பாருங்கள்.

இங்கே ரயில் வரும் என்று எத்தனை முறை சொல்லப்பட்டிருக்கிறது என்பதை உங்கள் வாசகர்கள் ஒருமுறை கோர்வையாகப் பார்க்க வேண்டும். 2007இல் மேயர் டேவிட் மில்லர் காலத்தில் 'ட்ரான்சிற் சிற்றி' என்று ஏழு இலகு ரயில் பாதைகளுக்குத் திட்டம் வந்தது. அதில் ஒன்று கென்னடி நிலையத்திலிருந்து எக்ளின்ரன், கிங்ஸ்ரன் வீதி, மோர்ணிங்சைட் வழியாகக் கம்பஸைத் தொட்டு மல்வேர்ணுக்குப் போக வேண்டியது. சுற்றாடல் மதிப்பீடுவரை வேலை நடந்தது. 2010 டிசம்பரில் றொப் ஃபோர்ட் மேயராகப் பதவியேற்ற கையோடு, ட்ரான்சிற் சிற்றி முடிந்தது என்று அறிவித்தார். 2013இல் நகரசபை ஸ்காபரோவுக்கு இலகு ரயில் வேண்டாம், சுரங்க ரயில்தான் வேண்டும் என்று வாக்களித்தது. 2016 தொடக்கத்தில் அடுத்த மேயர் ஜோன் ரோறி, சுரங்கப் பாதையை ஒரே நிலையத்தோடு சுருக்கி, மிச்சப்படும் பணத்தில் கம்பஸ் வரை 17 தரிப்புகளோடு இலகு ரயில் கட்டலாம் என்றார். நாங்கள் நம்பினோம். அதே வருடம் கோடைக்குள் செலவுக் கணக்கு ஏறியது. சுரங்கப் பாதை தப்பியது, இலகு ரயிலுக்கான பணம் போய்விட்டது. 2019இல் மாகாண அரசு சுரங்கப் பாதையைத் தன் பொறுப்பில் எடுத்து, மூன்று நிலையங்களாக்கி, ஐந்தரை பில்லியன் டொலர் என்றது. இலகு ரயிலை நகரத்தின் தலையில் விட்டுவிட்டது.

கடைசியாக 2023 டிசம்பரில் நகரசபை, எக்ளின்ரன் கிழக்கு இலகு ரயில் என்று அழைக்கப்படும் இந்தப் பாதைக்குப் புதிய வரைவை ஏற்றது. 18.6 கிலோமீற்றர், 27 தரிப்புகள், செலவு நான்கரை பில்லியன் டொலருக்கும் மேல். வரைவு வேலைக்குப் பணம் உண்டு. கட்டுவதற்கு இல்லை.

இதற்கிடையில் இருந்ததும் போனது. 2023 ஜூலை 24ஆம் திகதி ஸ்காபரோ ஆர்.ரி. ரயில் தடம் புரண்டு ஐந்து பேர் காயப்பட்டார்கள். 1985 முதல் ஓடிய அந்தப் பாதை அன்றோடு மூடப்பட்டது. அதில் போன சனம் முழுவதும் பஸ்ஸுக்கு வந்தது. சுரங்கப் பாதை முடிந்து திறந்தாலும் அது மக்கோவனும் ஷெப்பேர்ட்டும் சந்திக்கும் இடத்தோடு நின்றுவிடும். கம்பஸ் அங்கிருந்து இன்னும் கிழக்கே இருக்கிறது. சுரங்கப் பாதை வந்துவிட்டால் உங்கள் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று வீடு வீடாக வந்து சொன்னவர்கள் வரைபடத்தைப் பார்த்துத்தான் சொன்னார்களா என்று தெரியவில்லை.

2020 ஒக்ரோபரில் பிறிம்லி வீதியிலிருந்து கம்பஸ் வரை பஸ்ஸுக்கென்று சிவப்பு நிறத் தனிப்பாதை போட்டார்கள். ரொறன்ரோவில் அதுதான் முதலாவது. அது உதவியது என்பதை நான் மறுக்கவில்லை, அதை எடுத்துவிடச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை. ஆனால் அதைக் காட்டியே ரயிலைத் தள்ளிப்போடுவது நியாயமில்லை. ஒரு சாதாரண பஸ்ஸில் ஐம்பது பேரை ஏற்றினாலே மூச்சு முட்டும். ஒரு வகுப்புத் தொகுதி முடிகிறபோது நூற்றுக்கணக்கான மாணவர்கள் ஒரே நேரத்தில் வெளியே வருகிறார்கள். பக்கத்திலேயே சென்ரெனியல் கல்லூரியின் மோர்ணிங்சைட் வளாகமும் இருக்கிறது. இதே பஸ்ஸை நம்பித்தான் கிங்ஸ்ரன் வீதி ஓரத்து உயர்மாடிகளில் இருக்கிற தாதிமாரும் தொழிற்சாலைக்காரரும் வேலைக்குப் போகிறார்கள்.

இவ்வளவு பிந்துவதற்கு மாணவர்கள் தங்கள் பங்கைச் செய்யாதது காரணமா? 2010இல் பான் அம் விளையாட்டு மையத்துக்காக 30 மில்லியன் டொலரைத் தங்கள் கட்டணத்திலிருந்து கொடுக்க இந்தக் கம்பஸின் மாணவர்கள் வாக்களித்து ஒப்புக்கொண்டார்கள். கோடீஸ்வரர்களின் நன்கொடை அல்ல அது, பகுதிநேர வேலையில் உழைத்த பிள்ளைகளின் பணம். வாக்களித்தவர்களில் அநேகர் மையம் திறக்குமுன்பே பட்டம் பெற்றுப் போய்விட்டார்கள். 2015 பான் அம் போட்டிகளுக்கு உலகம் வந்து நீந்திவிட்டுப் போனது. மாகாணமும் மத்தியும் அந்தப் போட்டிகளுக்குக் காசு தேடின. மாணவர் காசில் ஒரு நீச்சல் தடாகம் கட்ட முடிந்த ஊரில், மாணவர் வந்துபோக ஒரு தண்டவாளம் போட மூன்று அரசுகளாலும் முடியவில்லை என்றால் அதை வெட்கக்கேடு என்றுதான் சொல்வேன்.

தமிழர்களான எங்களுக்கு இதில் இன்னொரு உரிமையும் உண்டு. இதே வளாகத்தில் தமிழ் இருக்கைக்காக மூன்று மில்லியன் டொலர் சேர்த்து 2021இல் இலக்கைத் தொட்டோம். பெரிய வணிகர்கள் கொடுத்தார்கள், ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்களும் கொடுத்தார்கள். அந்த இருக்கை ஸ்காபரோவில் இருக்க வேண்டும் என்பதில் நமக்கு ஒரு பெருமை இருந்தது. அங்கே நடக்கும் ஒரு தமிழ்க் கருத்தரங்குக்குக் கார் ஓட்டாத ஒரு அம்மா பின்னேரம் போய் இரவு திரும்ப வேண்டுமென்றால், யாரையாவது கூட்டிப்போகச் சொல்லிக் கெஞ்சத்தான் வேண்டும்.

யோர்க் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். அதுவும் நகரத்தின் விளிம்பில் தொடங்கியதுதான், அதுவும் பஸ்ஸை நம்பி நெடுங்காலம் காத்திருந்ததுதான். 2017 டிசம்பரில் சுரங்க ரயில் அந்தக் கம்பஸின் நடுவிலேயே வந்து நின்றது. யோர்க்கின் மாணவர் தொகை இங்கேயுள்ளதைவிடப் பல மடங்கு என்பது உண்மை. நாங்கள் கேட்பதும் சுரங்க ரயில் இல்லை. அதைவிட எளிய, வீதியோடு ஓடுகிற இலகு ரயில்தான்.

ஸ்காபரோவுக்கு இலகு ரயில் போதாது, சுரங்க ரயிலுக்குத்தான் நாம் தகுதியானவர்கள் என்று நம் சமூகத்திலேயே சிலர் மேடைகளில் பேசி வந்திருக்கிறார்கள். தகுதியைப் பற்றிய அந்தப் பேச்சில் பதினைந்து வருடம் போனதுதான் மிச்சம். மில்லரின் திட்டம் கைவிடப்படாமல் இருந்திருந்தால், முதல் வருடம் சேர்ந்த பிள்ளை பட்டம் பெறும்வரை அதே ரயிலில் போய் வந்திருப்பாள்.

இனி வரப்போவதை யோசித்தால்தான் எனக்குக் கோபம் கூடுகிறது. குடும்ப வைத்தியர்கள் போதாத ஸ்காபரோவில் வைத்தியர்களையும் தாதியரையும் பயிற்றுவிக்க 2022இல் இந்தக் கம்பஸில் மருத்துவக் கல்வி அறிவிக்கப்பட்டது. மிக நல்ல முடிவு. அந்த மாணவர்கள் விடியவே ஆஸ்பத்திரிகளுக்குப் பயிற்சிக்குப் போக வேண்டியவர்கள். எல்ஸ்மெயர் வீதிக்கு வடக்கே காணிகள் ஒவ்வொன்றாகக் கட்டடமாகின்றன. வாகனங்களுக்கென்று பல மாடித் தரிப்பிடமும் எழும்பியிருக்கிறது. ரயிலை வரவிடாமல் வைத்துக்கொண்டு கார் நிறுத்த மாடி கட்டினால், கார் வாங்க முடியாத பிள்ளைக்கு அந்தக் கம்பஸ் இன்னும் தூரமாகிறது.

நகரசபை வரைவு வேலையை இடைநிறுத்தக் கூடாது. மாகாண அரசு சுரங்கப் பாதைக்குக் காட்டிய அக்கறையில் ஒரு பங்கை இதற்கும் காட்டி, கட்டுமானப் பணத்தில் தன் பங்கை எழுத்தில் அறிவிக்க வேண்டும். மத்திய அரசும் அப்படியே. முழுப் பாதையையும் ஒரே தடவையில் கட்ட முடியாது என்றால், கென்னடியிலிருந்து கம்பஸ் வரையான பகுதியை முதலில் கட்டட்டும். மல்வேர்ணில் இருக்கிற நான் அதற்குச் சம்மதித்தே இதைச் சொல்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தேர்தலில் எங்கள் பகுதிகளில் வாக்குக் கேட்டு நிற்பவர்கள் எல்லோரிடமும், தமிழ் வேட்பாளர்கள் உட்பட, எக்ளின்ரன் கிழக்கு இலகு ரயிலுக்கு எந்த வருட வரவுசெலவில் எவ்வளவு பணம் கேட்பீர்கள் என்று உங்கள் இதழ் எழுத்தில் கேட்டு, வந்த பதிலை அப்படியே அச்சிட வேண்டும். பதில் தராதவர்களின் பெயரையும் அச்சிடுங்கள். நாங்கள் வாசித்துவிட்டு வாக்களிக்கிறோம்.

இங்ஙனம்,
கம்பஸ் மாணவி ஒருத்தியின் தந்தை,
மல்வேர்ண், ஸ்காபரோ.