திறந்த வாசலும் உள்ளே பூட்டும்

"எங்கள் தேசத்தில் படிப்புக்குத் தடையே கிடையாது, காலேஜ் வாசல் எல்லோருக்கும் திறந்து கிடக்கின்றது" என்று அமெரிக்கர்கள் பெருமை பேசுவதுண்டு. அதற்கு அவர்கள் காட்டும் அத்தாட்சி கம்யூனிட்டி காலேஜ் என்பதாகும். 1901-ல் இல்லினாய் மாகாணத்து ஜோலியட் நகரில் துவங்கிய ஏற்பாடு இது. இரண்டு வருஷப் படிப்பு. சம்பளமும் மற்றக் காலேஜ்களைவிடக் குறைவு. ஹைஸ்கூல் முடித்தவர் எவரும் சேரலாம். பகலெல்லாம் கடையிலும் ஓட்டலிலும் உழைத்துவிட்டு மாலையில் படிக்க வருகிறவர்களும், கைக்குழந்தைக்காரிகளும், குடும்பத்திலேயே முதன்முதலாகக் காலேஜை மிதிக்கிறவர்களும் நாடுவது இந்த இடத்தைத்தான். நல்ல ஏற்பாடுதான், அதை நாம் குறை கூற வரவில்லை. ஆனால் வாசலைத் திறந்து வைத்தவர்கள் உள்ளே என்ன செய்து வைத்தார்கள் என்பதே நமது கேள்வி.

ஒரு பெண் தனது முதல் செமஸ்டருக்கு, அதாவது சுமார் 15, 16 வாரங்கள் கொண்ட முதல் பருவத்திற்கு வந்து சேருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நெடுங்காலமாக அங்கே நடந்து வந்த வழக்கம் என்னவென்றால், அவளை ஒரு கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்து, கணக்கிலும் இங்கிலீஷிலும் ஒரு பரீட்சை வைப்பதாகும். இந்தப் பரீட்சையில்தான் தன் காலமும் பணமும் அடங்கியிருக்கின்றன என்பது அங்கே உட்காரும் பலருக்குத் தெரியவே தெரியாது. பரீட்சை முடிந்ததும் ஒரு எண் வரும். அந்த எண்ணைப் பார்த்து, "நீ காலேஜ் கணக்குக்கு லாயக்கில்லை, கீழ் வகுப்பிலிருந்து ஏறி வா" என்று தீர்ப்பும் வந்துவிடும். மூன்று, நான்கு வருஷம் ஹைஸ்கூலில் அவள் வாங்கிய மார்க்கெல்லாம் ஒரு மத்தியானப் பரீட்சைக்கு முன் செல்லாக் காசாகிவிட்டது! தலையெழுத்து என்று சொல்லி ஏய்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அங்கே எழுத்தாணி, இங்கே கம்ப்யூட்டர், அவ்வளவுதானே!

அந்தக் கீழ் வகுப்புக்குச் சம்பளம் உண்டு; ஆனால் பட்டத்துக்குச் சேரும் கிரெடிட் கிடையாது. பட்டத்திற்குச் சுமார் 60 கிரெடிட் வேண்டும். சர்க்கார் ஏழை மாணவர்க்குக் கொடுக்கும் பெல் உதவித்தொகையோ ஒருவருடைய ஆயுளில் 12 முழுச் செமஸ்டருக்கு மேல் கிடையாது. கிரெடிட் இல்லாத வகுப்பும் அந்தக் கணக்கைத் தின்றுவிடுகின்றது. கூலிக்காரனிடம் நாள் முழுதும் வேலை வாங்கிக்கொண்டு, "இது ஒத்திகை, நாளைக்குத்தான் வேலை" என்று சொன்னால் சும்மா இருப்பானா?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று கீழ் வகுப்பு, அதன்மேல் ஒரு காலேஜ் வகுப்பு, ஆக நான்கு படி. படிக்கு 100-க்கு 70 பேர் தேறி மேலேறுவதாகவே வைத்துக்கொள்ளுவோம். முதல் படியில் 70, இரண்டாவதில் 49, மூன்றாவதில் 34, கடைசியில் 24. ஒவ்வொரு படியிலும் முக்கால்வாசிப் பேர் தேறினார்கள் என்று உபாத்தியாயர் சந்தோஷப்படலாம். ஆனால் 100 பேரில் 76 பேர் எங்கே போனார்கள்? இந்தக் கணக்கைப் போடத் தெரியாத நிர்வாகிகளா அவளுக்குக் கணக்குத் தெரியாது என்று தீர்ப்புச் சொல்லுவது?

"தகுதி பார்க்க வேண்டாமா?" என்பார்கள். தாராளமாகப் பார்க்கட்டும். ஆனால் அளக்கிற படியே கள்ளப்படியாயிருந்தால்? கொலம்பியா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆராய்ச்சிகளில், காலேஜ் வகுப்பிலேயே தேறக்கூடிய பலரை இந்தப் பரீட்சைகள் கீழே தள்ளியிருந்தன என்றும், ஹைஸ்கூல் மார்க்கே அதைவிட நல்ல வழிகாட்டி என்றும் கண்டார்கள். இப்பரீட்சைகளில் ஒன்றான காம்பஸ் என்பதை, அதை விற்றுவந்த நிறுவனமே 2016-ல் கைவிட்டுவிட்டது. அதன் பேரால் கீழே தள்ளப்பட்டவர்களுடைய வருஷங்களை யார் திருப்பிக் கொடுப்பது?

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. பர்ட்டன் கிளார்க் என்ற சமூக சாஸ்திரி 1960-லேயே, மாணவனுடைய ஆசையை மெள்ள மெள்ள ஆறவைத்து, "குற்றம் என்னுடையதே" என்று அவனையே எண்ணச் செய்வது இக்காலேஜ்களின் வேலைகளில் ஒன்றாயிருக்கின்றது என்று எழுதினார். அதில் நுழைவுப் பரீட்சையே முதற்படி. 'ஆறவைத்தல்' என்ற அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது தெரியுமா? ஏமாந்தவன் கூச்சல் போடாதபடி சமாதானப்படுத்துவதற்கு மோசக்காரர்கள் வைத்துக்கொண்ட பெயர் அது!

நிற்க. இந்தப் பூட்டு உடைக்க முடியாததல்ல. 2013-ல் புளோரிடா, ஹைஸ்கூலில் சமீபத்தில் தேறியவர்களுக்கு இந்தப் பரீட்சையும் கீழ் வகுப்பும் கட்டாயமில்லை என்று சட்டம் செய்தது. 2015-ல் டென்னஸி, காலேஜ் வகுப்பிலேயே சேர்த்துக்கொண்டு கூடவே துணைப் பாடமும் நடத்தும் முறையை மாகாணம் முழுவதும் கொண்டு வந்தது. கலிபோர்னியா 2017-லும் 2022-லும் சட்டம் செய்து, ஹைஸ்கூல் மார்க்கைக் கொண்டே இடம் கொடுக்கச் சொல்லிற்று. "வகுப்பில் தவறுகிறவர்கள் கூடிவிட்டார்கள்" என்று உடனே ஒரு கூச்சல். வாஸ்தவம், வகுப்பில் தேறும் விகிதம் சற்றுக் குறைந்ததுதான். ஆனால் ஒரு வருஷத்துக்குள் காலேஜ் கணக்கைத் தேறி முடித்தவர்களின் தொகை வெகுவாக உயர்ந்ததே, அதை ஏன் மறைக்கிறீர்கள்? முன்பு அந்த வகுப்பின் நிழலைக் கூடக் காணாமல் போனவர்கள் தவறியவர் பட்டியலில் இல்லை. அதனால் பட்டியல் அழகாயிருந்தது!

தவறுகிறவர்களை நாம் மறக்கச் சொல்லவில்லை. அவர்களுக்குத் துணைப் பாடம், கூடுதல் உபாத்தியாயர், வேலை நேரத்துக்கு ஒத்த வகுப்பு இவை வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்காமல் பூட்டை மட்டும் எடுப்பது அரைவேலை. ஆனால் பணமில்லை என்று சொல்லிப் பூட்டைத் திரும்ப மாட்டுவது அயோக்கியத்தனம். இன்றும் பல மாகாணங்களில் இந்தக் கீழ் வகுப்பு ஒழிந்தபாடில்லை.

ஆகவே தோழர்களே! எவன் வந்து "வாசல் திறந்திருக்கின்றது" என்று பெருமை பேசினாலும் உடனே கைதட்டிவிடாதீர்கள். உள்ளே எத்தனை பேர் போனார்கள் என்று கேட்பதோடு நிற்காமல், பட்டத்தோடு எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்று கேளுங்கள்.